கொன்னது யாருன்னு கேக்காதலே

ஏலே, இங்ஙன வந்து திண்ணையில உக்காரு. 'அந்த நாள்' படத்தைப் போட்டு, பத்து நிமிசம் பாத்துட்டு, மூடி வச்சுட்டு எங்கிட்ட வந்து, "தாத்தா, கொன்னது யாருன்னு மட்டும் சொல்லுங்க, பெறவு பாக்கலாமா வேண்டாமான்னு முடிவு பண்ணிக்கிடுதேன்"னு கேக்கே பாரு, ஒன் சாமர்த்தியத்தை நெனச்சா எனக்குப் பெருமையா இருக்கு. எனக்கு அந்தக் காலத்துல இந்தப் புத்தி இல்லாமப் போச்சே. பொண்ணு பாக்கப் போன அன்னிக்கே, "கடைசியில என்ன ஆகும்னு சொல்லுங்க, பெறவு தாலி கட்டுதேன்"னு கேட்டிருந்தேன்னா ஒங்க ஆச்சிகிட்ட இருந்து தப்பிச்சிருப்பேன்.

சொல்ல மாட்டேன். 1954 ஏப்ரல் 13-ல வந்த படம், எழுபது வருசம் தாண்டியாச்சு, இனிமே சொன்னா என்ன கொறஞ்சு போயிரும்னு நீ கேக்கலாம். எனக்கொண்ணும் கொறையாது. ஒனக்குத்தான் கொறையும்.

சரி, அந்தப் பத்து நிமிசத்துல என்ன பாத்தே? துப்பாக்கி வெடிச்சது, சிவாஜி செத்துட்டாரு, போலீஸ் வந்துச்சு, போரடிச்சுது. அம்புட்டுத்தானே? அட மூதி, அந்த ஒரு சாவுக்கே நீ எந்திரிச்சு நின்னு கும்பிட்டிருக்கணும். அதே வருசம் மார்ச் மாசம் 'மனோகரா' வந்துச்சு. சங்கிலி போட்டு இழுத்துட்டு வந்த மனோகரன், சபை நடுவுல நின்னு பேசுன பேச்சுக்குக் கொட்டகையே அதிர்ந்துச்சு. அந்த ஆளை மறுபடி பாக்கலாம்னு ஒண்ணரை மாசத்துல சனம் துட்டைக் கொடுத்து உள்ள வந்தா, துண்டை விரிச்சு உக்காரதுக்குள்ள கதாநாயகன் காலி. வசனமும் இல்லை, வாள் சண்டையும் இல்லை. இன்னிக்கு எந்தப் பெரிய நடிகரையாவது வச்சு இப்படி எடுக்கச் சொல்லு பாப்போம். ஒங்க ரசிகர் மன்றத்துக்காரங்க டைரக்டர் வீட்டு ஓட்டைப் பிரிச்சிருவாங்க.

இதோட விட்டாரா படத்தை எடுத்த மனுசன்? பாட்டும் கிடையாதுன்னுட்டாரு. டான்சு கிடையாது, சண்டை கிடையாது. தமிழ்ல பாட்டே இல்லாம வந்த முதல் படம் இதுதான். படம்னாலே பாட்டுன்னு இருந்த காலம்லே அது. செத்துப் போறவன்கூட ஒரு சரணம் பாடிட்டுத்தான் கண்ணை மூடுவான். இப்ப நீ கேளு, எடுத்தது யாருன்னு. எஸ். பாலசந்தர். 'வீணை' பாலசந்தர்னு சொன்னாத்தான் ஊருக்குத் தெரியும். குருன்னு ஒருத்தர்கிட்ட உக்காராம, தானா வீணை கத்துக்கிட்டு, பின்னால பத்மபூஷண் வரைக்கும் வாங்குன வித்துவான். அவர்தான் பாட்டு வேண்டாம்னவரு. பாடத் தெரியாதவன் அப்படிச் சொன்னா அது கையாலாகாத்தனம். இந்த ஆளு சொன்னாருன்னா அதுக்கு நெஞ்சுல தைரியம் வேணும். அப்ப அவருக்கு வயசு இருபத்தேழு. ஒனக்கு என்ன வயசு? சரி விடு, ஒண்ணும் அவசரம் இல்லை.

கதையை முதல்ல ரேடியோ நாடகமாத்தான் எழுதிக் கொடுத்தாரு. ரேடியோக்காரங்க வேண்டாம்னு திருப்பிட்டாங்க. கதையில செத்தவனும் ரேடியோ எஞ்சினியர்தான், கவனிச்சுக்கோ. பெறவு ஏவி. மெய்யப்ப செட்டியார் கையில போயி படமாச்சு. செட்டியார் துட்டை எண்ணிப் போடுதவரு. அவரே பாட்டில்லாத படத்துக்குத் தலையாட்டுனாருன்னா பாத்துக்கோ.

இப்ப கதைக்கு வா. நான் சொல்லுத வரைக்கும் சொல்லுதேன், அதுக்கு மேல நோண்டாதே.

1943 அக்டோபர். சென்னைப் பட்டணத்து மேல ஜப்பான்காரன் குண்டு போட்ட சமயம். இது கதைக்காகக் கட்டுனது இல்லை, அந்த மாசம் 11-ஆம் தேதி நெசமாவே ஜப்பான் விமானம் ஒண்ணு வந்து குண்டு போட்டுட்டுப் போச்சு. அதுக்கு ஒண்ணரை வருசம் முந்தி, 1942 ஏப்ரல்ல, கொழும்பு, திரிகோணமலை, விசாகப்பட்டணம், காக்கிநாடான்னு வரிசையா அடி விழுந்தப்போ, அடுத்தது நாமதான்னு பட்டணமே காலியாச்சு. சட்டி பானையைத் தூக்கிட்டு ரயில் கூரையில தொத்தி, இங்ஙன நம்ம பக்கம் வரைக்கும் ஓடி வந்தாங்கன்னு எங்க அய்யா சொல்லுவாரு. வாடகைக்கு வீடு கேட்டு வந்த பட்டணத்துக்காரனுக்கு மாட்டுத் தொழுவத்தைக் கழுவிக் கொடுத்து வாடகை வாங்குன புண்ணியவான்லாம் நம்ம ஊர்ல உண்டு. பேரைச் சொன்னா அவன் பேரன் ஒன் சேக்காளியா இருப்பான், வேண்டாம். ராத்திரி விளக்கு ஏத்தக் கூடாது. ஏத்துனாலும் வெளிச்சம் வெளிய தெரியக் கூடாது. ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத்துணி, கறுப்புக் காகிதம். படத்தை 54-ல பாத்தவனுக்கு இந்தப் பயம் பத்து வருசத்துப் பழசு, அவ்வளவுதான். இன்னும் காயாத புண்ணு. நீ பாக்கையில அந்தப் பயத்தை நீயே கொஞ்சம் கூட்டி வச்சுக்கிடணும். இல்லேன்னா கடைசியில எதுக்கு இம்புட்டு ஆர்ப்பாட்டம்னு கேட்டுருவே.

அந்தக் குழப்பத்துக்கு நடுவுல ஒரு வீட்டுல அந்த ரேடியோ எஞ்சினியர் ராஜன், அதான் சிவாஜி, சுடப்பட்டுச் சாகுதான். பக்கத்து வீட்டுச் சின்னையா பிள்ளை சத்தம் கேட்டு ஓடிப்போயி போலீஸ்ல சொல்லுதாரு. இன்ஸ்பெக்டர் நாயுடு வாறாரு. கூடவே சி.ஐ.டி. சிவானந்தம். இந்த சிவானந்தத்தைப் பாத்து வச்சுக்கோ. ஜாவர் சீதாராமன். படத்துக்குத் திரைக்கதை, வசனம் எழுதுனவரும் அவரே. கொலையை எழுதுனவனே துப்பறியவும் வந்தா, கண்டுபிடிக்க மாட்டானா பின்னே? 'பட்டணத்தில் பூதம்' படத்துல ஜாடியில இருந்து வந்த பூதமும் இதே ஆளுதான். மூளையும் உண்டு, முழியும் உண்டு.

விசாரணை ஆரம்பிக்குது. இங்கதான் நீ மூடி வச்சுட்டு எந்திரிச்சே. கேளு. பக்கத்து வீட்டுப் பிள்ளைவாளைக் கேட்டா, "தம்பி பட்டாபி இருக்கானே, சொத்துல பங்கு கேட்டு அண்ணன்கூடச் சண்டை போட்டான், அவனாத்தான் இருக்கும்"ங்காரு. தம்பியைக் கேட்டா, தன் பொண்டாட்டியைக் கை காட்டுதான். சொந்தப் பொண்டாட்டியைலே! அவ ஹேமாவைக் கேட்டா, "அம்புஜம்னு ஒருத்தி இருக்கா, அவகிட்டப் போயிக் கேளுங்க"ங்கா. அம்புஜத்தைக் கேட்டா, அந்தச் சின்னையா பிள்ளைதான்ங்கா. தெரியுதா? கை நீட்டிக்கிட்டே போயி, கடைசியில மொதல்ல கை நீட்டுன ஆளு நெஞ்சுலயே வந்து குத்துது. நம்ம தெருவுல கோழி காணாமப் போனாலும் இதே சுத்துதான்.

நீ "யாரு, யாரு"ன்னு பாக்கே. நான் சொல்லுதேன், செத்தவனை விடு, கொன்னவனையும் விடு. பேசுதவன் மூஞ்சியைப் பாரு. பக்கத்து வீட்டுக்காரருக்கு வேலியைத் தாண்டி எட்டிப் பாக்குத பழக்கம், அதனால அவர் சொல்லுத கதையில சண்டையும் சத்தமும்தான் இருக்கு. ஆசைநாயகி அம்புஜம் சொல்லுத கதையில ஆசை இருக்கு. தம்பிக்காரன் கதையில ஒரு கண்ணு பங்கு மேல, ஒரு கண்ணு அண்ணன் மேல. ராஜனைப் பத்தி வாக்குமூலம் கொடுக்கதாத்தான் ஒவ்வொருத்தனும் நெனைக்கான். கொடுக்கது பூரா தன்னைப் பத்தின வாக்குமூலம். போலீஸ்காரன் எழுதிக்கிடுதது ஒண்ணு, நாம படிச்சுக்கிட வேண்டியது வேறொண்ணு.

அதுலயும் சிவாஜி செஞ்சிருக்க வேலை இருக்கே, அதுக்காகவே ரெண்டாந்தரம் பாக்கணும். ஆளு ஒண்ணு, மூஞ்சி ஒண்ணு. ஆனா யாரு கதை சொல்லுதாங்களோ அவங்க கண்ணுக்குத் தக்கபடி ராஜன் மாறுதான். ஒருத்தர் வாயில கறார் அண்ணன், இன்னொருத்தர் வாயில குழையுத காதலன், வேறொருத்தர் வாயில கனவு காணுத படிப்பாளி. மீசையை மாத்தலை, குரலைக் கொடூரமாக்கலை. நடையில, தோள்ல, கண்ணு சிமிட்டுத வேகத்துல ஒரு நூல் அளவு மாத்துதாரு. இவரை மிகை நடிப்புன்னு சொல்லுத கூட்டம் ஒண்ணு இருக்கு. அவங்களை நான் வைய மாட்டேன், இந்தப் படத்துக்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்து முன் பெஞ்சுல உக்கார வைப்பேன்.

பொண்டாட்டி உஷாவா வாறது பண்டரிபாய். ஒனக்கு அவங்க 'மன்னன்'ல ரஜினிக்கு அம்மா. எங்களுக்கு 'பராசக்தி'யில சிவாஜிக்கு ஜோடி. 'தெய்வமக'னுக்கு வந்தா அப்பா சிவாஜிக்குப் பொண்டாட்டி, மகன் சிவாஜிகளுக்கு அம்மா, எல்லாம் ஒரே படத்துல. அந்த அம்மா எத்தனை சிவாஜியைத்தான் சமாளிப்பாங்க. இந்தப் படத்துல அவங்க ரொம்பப் பேச மாட்டாங்க. பேசாத நேரத்துல என்ன செய்யுதாங்கன்னு பாரு. அதுக்கு மேல இந்த வாயில இருந்து ஒரு சொல் வராது.

இப்ப ஒண்ணு சொல்லுதேன், யாருகிட்டயும் சொல்லாதே. நான் டூரிங் டாக்கீஸ்ல ரீல் சுத்துன காலத்துல பழைய படம்னு இது சல்லிசா வந்துச்சு. தகரப் பொட்டியில ரீலு பஸ்ல வந்து இறங்கும். எங்ககிட்ட புரொஜக்டர் ஒண்ணே ஒண்ணுதான், அதனால ரீல் மாத்த ஒரு காட்சிக்கு மூணு நாலு இடைவேளை. ரெண்டு கார்பன் குச்சியைக் கிட்டக் கிட்டக் கொண்டு வந்து, நடுவுல பொறி பத்தி எரியுத வெளிச்சத்துலதான் படம் திரைக்குப் போகும். குச்சி தேயத் தேய நகத்திக்கிட்டே இருக்கணும். கொஞ்சம் அசந்தா சிவாஜி மூஞ்சி மஞ்சளடிச்சு மங்கிப் போகும், உடனே மணல்ல உக்காந்திருக்கவன் எங்க குலத்தையே இழுப்பான். எங்க ஆப்பரேட்டர் அண்ணாச்சி ஒரு நாள் சாயங்காலமே 'தீர்த்தம்' சாப்பிட்டுட்டு வந்து ரீலை முன்ன பின்ன மாத்திப் போட்டுட்டாரு. தம்பி கதை முடியதுக்குள்ள வேற யாரோ கதை ஓடுது. நான் நடுங்கிப் போயி ஓட்டை வழியா கூட்டத்தைப் பாக்கேன். ஒரு பய முணுமுணுக்கலை! இப்படித்தான் எடுத்திருக்காங்க போலன்னு வாயைப் பொளந்து பாத்துக்கிட்டு இருக்கான். டீக்கடை வச்சிருந்த ஒரு பெரியவர் மறுநாள் வந்து, "கதையைக் குலுக்கிப் போட்டிருக்கான்டே, மூளைக்காரன்"னு அண்ணாச்சிக்குச் சும்மா டீ கொடுத்தாரு.

சோடா விக்கதுக்கு ஒரு பய இருந்தான். இவனை மட்டும் நீ பாத்திருக்கணும். முதல் இடைவேளையிலேயே ஒன்னைய மாதிரி ஆளுங்களைக் கண்டுபிடிச்சிருவான். கிட்டப் போயி, "அண்ணே, ஒரு பன்னீர் சோடா கூட வாங்குனா கொலைகாரன் பேரைச் சொல்லுதேன்"ம்பான். வாங்குவாங்க. காதுல ஓதிட்டு நகந்துருவான். நம்ம ஆளுங்க, தெரிஞ்சுக்கிட்ட மெதப்புல நெஞ்சை நிமித்திக்கிட்டு உக்காந்திருப்பாங்க. படம் முடிஞ்ச பெறவுதான் குட்டு உடையும். ஒருத்தன்கிட்ட தம்பின்னு சொல்லியிருக்கான், ஒருத்தன்கிட்ட பக்கத்து வீட்டுக்காரர்னு, இன்னொருத்தன்கிட்ட இன்ஸ்பெக்டர் நாயுடுவேதான்னு. சண்டைக்கு வந்தா, "அண்ணே, நான் விசாரிச்ச வரைக்கும் அப்படித்தான் இருந்துச்சு"ம்பான். ஜாவர் சீதாராமனுக்கு இவன் சிஷ்யனாப் போயிருக்க வேண்டியவன். எனக்கு அதுல வருத்தம் ஒண்ணுதான். தப்பான பேரை வாங்குனவன் ரெண்டு மணி நேரமும் அந்த ஒரே ஆளை மொறச்சுப் பாத்துக்கிட்டே இருந்தான், படத்தைக் கோட்டை விட்டுட்டான். சரியான பேரைச் சொல்லியிருந்தாலும் அதேதான் நடந்திருக்கும்.

ஒங்க காலேஜ்ல படிச்ச மேதாவி எவனாவது, "இது குரோசாவாவோட 'ராஷோமோன்' காப்பி"ன்னு சொல்லுவான். சொல்லட்டும். 1950-ல வந்த ஜப்பான் படம் அது. 1952-ல நம்ம நாட்டுல நடந்த முதல் சர்வதேசப் படவிழாவுக்கும் வந்துச்சு, பாலசந்தர் அதைப் பாத்து அசந்து போனது உண்மைதான். ஆனா ரெண்டையும் பாத்தவன் அப்படி வாய் கூசாமச் சொல்ல மாட்டான். ராஷோமோன்ல நடந்தது ஒரே சம்பவம், அதையே ஆளுக்கு ஒரு மாதிரி மாத்திச் சொல்லுதாங்க. கடைசி வரைக்கும் எது நெசம்னு தீராது. இங்க ஒவ்வொருத்தனும் வேற வேற நாள்ல நடந்த வேற வேற சண்டையைச் சொல்லுதான், கடைசியில நெசம்னு ஒண்ணு பளிச்சுனு நிக்கி. இதே 1950-ல இங்கிலாந்துக்காரன் ஆந்தனி ஆஸ்க்வித் ஒரு படம் எடுத்தான், கொலையான பொம்பளையைப் பத்தி அஞ்சு பேரு அஞ்சு விதமாச் சொல்லுவாங்க. அதுக்குத்தான் இது ஒறவு கிட்டம். ஆனா ஜப்பான் குண்டையும் பட்டணத்து இருட்டையும் சொத்துச் சண்டையையும் அதுக்குள்ள கொண்டு வந்து வச்சது நம்மாளு. அந்தப் பகுதியை எவன்கிட்ட இருந்தும் எடுக்க முடியாது.

கறுப்பு வெள்ளையா இருக்கேன்னு மூஞ்சியைச் சுளிக்காதே. இருட்டு இல்லாம இந்தப் படம் இல்லை. மாருதி ராவ்னு ஒருத்தர் கேமரா. மூஞ்சியில பாதியை வெளிச்சத்துல வச்சு, மீதியை இருட்டுக்குக் கொடுத்துருவாரு. ஜன்னல் கம்பி நெழல் ஆளு மேல விழுந்தா, அவன் ஜெயிலுக்குப் போகாமலே ஜெயில்ல நிக்கான். கேமராவைக் கீழ வச்சு அண்ணாந்து பாக்க விடுவாரு, கூரை ஆளு தலைமேல எறங்கும். இப்ப பழைய படத்துக்கெல்லாம் கம்ப்யூட்டர்ல சாயம் பூசுதாங்களாம். இதுக்குப் பூசுனா, உஷா சேலை பச்சையா நீலமான்னு ஒங்க அம்மையும் சித்தியும் பேச ஆரம்பிச்சிருவாங்க, கொலை மறந்து போகும்.

முதல்ல வந்தப்போ படம் சரியாப் போகலை. பாட்டில்லாத படத்துக்கு எவன் வருவான்? பெறவு தேசிய விருதுல தகுதிச் சான்றிதழ் கிடைச்சது. அந்த வருசம் வெள்ளிப் பதக்கம் எம்.ஜி.ஆரோட 'மலைக்கள்ளன்' வாங்கிட்டுப் போச்சு, அது தனிக்கதை. விருதுக்குப் பெறவு மறுபடி போட்டப்போ சனம் வந்து பாத்துச்சு. மேல இருந்து ஒரு முத்திரை குத்துனாத்தான் சரக்கு நல்லதுன்னு நம்புதது நம்ம சனத்தோட பரம்பரைக் கொணம், ஒங்க காலத்துல அதுக்கு நட்சத்திரம் போடுதீங்க, வேறொண்ணும் மாறலை. அடுத்த பாட்டில்லாத படத்துக்கு பதினோரு வருசம் ஆச்சு, 1965-ல ஜெயகாந்தன் எடுத்த 'உன்னைப்போல் ஒருவன்'. பாலசந்தர் மட்டும் சும்மா இருக்கலை. 'பொம்மை'ன்னு எடுத்தாரு, பொம்மைக்குள்ள குண்டு. படம் முடியையில தன்கூட வேலை செஞ்ச ஆளுங்களை ஒவ்வொருத்தரா திரையில கொண்டு வந்து காட்டுவாரு. அந்த மனசு எத்தனை பேருக்கு வரும்?

சரி, ராத்திரி சாப்பாடு முடிஞ்சதும் பாரு. அந்தச் சின்னப் போன்ல வேண்டாம், கூடத்து டி.வி.யில போடு. ட்யூப்லைட்டை அணைச்சுரு, கொசுவத்தி மட்டும் இருக்கட்டும். ஒண்ணரை வேகத்துல ஓட்டுதேன்னு பொத்தானைத் தொட்டே, கையை ஒடிப்பேன். அதுல பேச்சுக்கும் பேச்சுக்கும் நடுவுல வாற மௌனத்துலதான் பாதித் துப்பு இருக்கு. நீ வேகமா ஓட்டுனா மொதல்ல செத்துப் போறது அந்த மௌனம்தான். ஒங்க அம்மை நடுவுல வந்து, "யாரு செத்தது, ஏன் செத்தான்"னு கேப்பா. ஆரம்பத்துல இருந்து பாக்கச் சொல்லு, இல்லேன்னா அடுப்படிக்கே அனுப்பு. என் பேரைச் சொல்லாதே.

பாத்து முடிச்சதும் யாருன்னு நீ வந்து எனக்குச் சொல்லு. ஆமான்னும் சொல்ல மாட்டேன், இல்லைன்னும் சொல்ல மாட்டேன், வெத்தலையை மென்னுக்கிட்டு இருப்பேன். அடுத்த வாரம் அதே பாலசந்தரோட 'நடு இரவில்' போடுவோம். அதுல ஒரு வீடு நெறைய சொந்தக்காரங்க, ஒவ்வொருத்தரா சாவாங்க, பண்டரிபாய் அதுலயும் உண்டு. அதுக்கும் கொன்னது யாருன்னு கேட்டுக்கிட்டு வருவே. வரும்போது கடையில ஒரு பன்னீர் சோடா வாங்கிட்டு வா, ஒரு பேரு சொல்லுதேன்.